கையிருப்புச் சரிபார்ப்பு

டெல்லியில் ஜனவரி. ஹீட்டர் கூடாத நிலவறை.
வெள்ளித் தண்டை ஒன்று,
இரு முனையிலும் விலங்குத் தலை.

முதல் பதிவேட்டில் சிங்கம்.
அடுத்ததில் நாய், பக்கத்தில் கேள்விக்குறி.
மூன்றாமவர் ‘தெரியவில்லை’ என்றெழுதி
ஓய்வுபெற்றுவிட்டார்.

எடையில் மூன்று கிராம் குறைகிறது.
திருட்டில்லை.
துடைத்துத் துடைத்தே
காதைத் தேய்த்திருக்கிறோம்.

தரை கூட்ட வந்த ஃபுல்மணி டுடுவிடம் நீட்டினேன்:
உங்கள் பக்கத்து நகைதானே,
இது என்ன மிருகம்?

“எனக்கெப்படித் தெரியும்?
நான் ஓக்லாவில் பிறந்தவள்.”

கையுறை இல்லாமல் வாங்கித் திருப்பினாள்.
தடுக்கத் தோன்றவில்லை.
உட்புறம் ஊசிக் கீறலாய் நான்கு இலக்கம்,
எங்கள் எண் அல்ல.
“இது அடகு நம்பர்” என்றாள்.
“அம்மா கொலுசிலும் இருந்தது.”

‘வந்த விதம்’ கட்டத்தில்
மூன்று கையெழுத்திலும் ஒரே சொல்:
நன்கொடை.

குளிரில் மை இறங்கவில்லை.
பேனாவை உதறுகிறேன்.