பதில் இல்லை

ரெய்க்யாவிக்கிலிருந்து நாற்பது நிமிடம்.
ஊசிக் காதில் நூல் நுழைவதுபோல்
இரண்டு மலைகளுக்கு நடுவே இறங்கியது விமானம்.
பையில் பதினெட்டுப் படிவங்கள்,
ஒரு நிறுத்தக் கடிகாரம்,
அமைச்சகத்தின் ஒற்றைக் கேள்வி:
முதியோர் கல்வி ஆசிரியர்களுக்குப் போன வசந்தத்தில்
ஐந்து நாள் பயிற்சி கொடுத்தோமே,
அது என்ன செய்தது?

ஜனவரி மாதம். இரண்டு மாதமாக
இந்த ஊருக்கு வெயில் கிடையாது, மலை விடுவதில்லை.
"இருபத்தைந்தாம் தேதி வாக்கில் ஒரு கீற்று விழும்,
அன்று தோசைபோல் மெல்லிதாய் அப்பம் சுட்டுக்
காபி குடிப்போம்" என்றார் டாக்சிக்காரர்.
எனக்குத் திரும்பும் டிக்கெட் இருபத்தொன்றுக்கு.

முதலில் ஊல்ஃபார்.
மாலுமிகளுக்குக் கணக்கு எடுக்கிறார்.
பயிற்சியில் என்ன நினைவிருக்கிறது என்றேன்.
தாடியைச் சொறிந்தார்.
"மூன்றாம் நாள் ஆட்டுக்கறி சூப்."
வேறு?
"உப்பு சரியாக இருந்தது."
ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடச் சொன்னேன்.
எல்லாக் கேள்விக்கும் நான்கை வட்டமிட்டார்.
நான்கு,
நல்ல மனிதர்கள் போய் ஒளிந்துகொள்ளும் எண்.

ஈடாவைப் பார்க்க முடியவில்லை.
கூட்டத்தின்முன் நிற்கப் பயிற்சியில் கற்றாள்,
நன்றாகவே கற்றுவிட்டாள்.
இப்போது தலைநகரில் வங்கி அதிகாரிகளுக்கு
அதையே சொல்லிக் கொடுக்கிறாள்,
இரண்டு பங்கு சம்பளத்தில்.
பலன் உண்டு, பலன் இல்லை:
இரண்டு கட்டத்திலும் பென்சிலால்
அழிக்கத் தோதாக ஒரு புள்ளி வைத்தேன்.

மாலை ஏழு மணிக்கு ஸ்வான்ஹில்டுரின் வகுப்பு.
மீன் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த ஆறு பேர்,
சோப்பையும் மீறி வரும் காட் மீன் வாசம்.
பாடம்: இறந்தகாலம்.

பயிற்சிக்கு முந்தைய ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது.
கேள்வி கேட்டு ஒரே ஒரு நொடி,
உடனே பதிலையும் தானே சொல்லிவிடுவார்.
குழந்தை வாய் திறக்குமுன் கரண்டியை நுழைக்கும் அவசரம்.
இருபது வருடம் அப்படித்தான்,
மாணவர்களுக்கு அவரை மிகவும் பிடித்தும் இருந்தது.

"போஜெனா, நேற்று என்ன செய்தீர்கள்?"

கடிகாரத்தை அழுத்தினேன்.
இரண்டு. மூன்று.
போஜெனா தன் கைகளைப் பார்த்தாள்.
கட்டைவிரலில் கத்திக் காயம், அதன்மேல் நீலப் பிளாஸ்திரி.
நான்கு.
படிவத்தில் எழுதினேன்: பதில் இல்லை.
ஆறு.
ரேடியேட்டர் ஒருமுறை செருமியது.
எனக்கே நாக்கு நுனியில் வந்துவிட்டது ஒரு வாக்கியம்,
அவளுக்காக.
ஸ்வான்ஹில்டுர் அசையவில்லை.
புன்னகைகூடச் செய்யவில்லை,
புன்னகையும் ஒரு நெருக்கடிதான்.
எட்டு.

ஒன்பதில்,
"நேற்று நான் மகனுக்குப் பேசினேன்.
கிடான்ஸ்க். அவன் தொலைபேசி எடுத்தது."

வேற்றுமை தப்பு, விகுதி தப்பு.
யாரும் திருத்தவில்லை.
"எடுத்தானா!" என்றார் ஸ்வான்ஹில்டுர்,
மேசை முழுக்க அந்த ஒரு சொல்லுக்குத் திரும்பியது.
எடுத்தான், என்றாள் போஜெனா. எடுத்தான்.
நான் எழுதியதை அடித்தேன்.
மை பரவி அந்தக் கட்டமே கறுத்துப்போயிற்று.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டேன்:
"பயிற்சியால் உங்களுக்குள் என்ன மாறியது?
தன்னம்பிக்கையா, திட்டமிடலா, இல்லை
புதிய உத்திகள் என்று சொல்லலாமா?"
அவர் சிரித்தார்.
"நீங்களே கேட்டு நீங்களே தேர்வும் எழுதிவிட்டீர்களே."

பிறகு நான்காவது நாற்காலியையும் அடுக்கிவிட்டுச் சொன்னார்:
"முதல் மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
நிஜமாகவே, ரத்தம் வந்தது.
வகுப்பு ஊமையாகிவிட்டதென்று இரண்டு பேர் நின்றுபோனார்கள்.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொண்டேன்.
இருபத்தொன்றாம் தேதி,
எதிர்மலையின் உச்சியில் மட்டும்
வெண்ணெய் தடவினாற்போல் வெளிச்சம்.
கீழே வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

அறிக்கையில் 'விளைவு' என்ற தலைப்பின்கீழ்
ஒரே வரி: ஒரு நொடி ஒன்பது நொடியானது.
மறுநாள் அமைச்சகத்திலிருந்து அழைத்தார்கள்.
"ஒன்பது என்று போட்டிருக்கிறீர்கள்.
எங்கள் அளவுகோல் ஐந்தோடு முடிகிறதே.
இதை எப்படி எடுத்துக்கொள்வது?"

நான் பேசாமல் இருந்தேன்.
ஒன்று. இரண்டு.
மறுமுனையில் யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.
மூன்று.

"சரி," என்றார் அவர்,
"நான்கு என்று போட்டுக்கொள்கிறேன்."