கூட்டுப் பெருங்காயம்

டப்பாவின் முதுகில் எறும்பளவு எழுத்து.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படிக்கிறேன்:
கோந்து, மைதா, பெருங்காயம்.
பெயருக்கு உரியது கடைசியில் நிற்கிறது.
இருபத்தாறு வருஷமாய் ரசத்தில் எதைப் போட்டேன் என்று
செம்பூர் ஸ்டேஷன் ரோடு கடையில்
தீபாவளிக் கூட்டம் முழங்கையால் இடிக்க
இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் லிஃப்டில்
ஒரே ஒரு பேடா கொடுத்தேன்,
நாலாவது மாடி ஓஜஸுக்கு. ஆறு வயசு.
கேட்ட பிள்ளைக்கு இல்லை என்பதா?
அவன் கேட்கக்கூட இல்லை. பார்த்தான்.
தரைத்தளம் வருமுன் இருமினான்.
உதடு கத்தரிக்காய் நிறத்துக்குப் போவதை
வாட்ச்மேன்தான் முதலில் கவனித்தார்.
தெருவெல்லாம் சரவெடி; ரிக்‌ஷா நகரவில்லை.
ருஜுதா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்,
ஒற்றைச் செருப்போடு.
இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு
நான் நின்றேன்.

பிழைத்துவிட்டான்.
அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
அதற்குப் பிறகு நான் லிஃப்டில் ஏறினால்
அவளுக்குப் படிக்கட்டு நினைவு வந்துவிடும்.
பால் ஆகாது, கோதுமை ஆகாது, முந்திரி ஆகாது:
லிஃப்ட் வாசலில் அவள் ஒட்டிய காகிதம்
எனக்கு மட்டும் எழுதிய கடிதம்போல்
வருஷம் முழுக்கத் தொங்கியது.

இந்த வருஷம் முறுக்கு.
அரிசிதானே, இதில் என்ன வந்தது என்று
மாவு மில் ராம்சரணிடம் கேட்டேன்,
எனக்கு முன்னால் யார் அரைத்தது?
‘எல்லாரும் கோதுமைதான் மேடம்,
பம்பாயில் சப்பாத்தி இல்லாத வீடு ஏது?’
கல்லின் இடுக்கில் நேற்றைய மாவு
வெள்ளையாய், பரம சாதுவாய்.
பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மிக்ஸியில் அரைத்தேன். நாலு தடவை சலித்தேன்.
சல்லடை புதுசு. வாணலி புதுசு.
அச்சு மட்டும் பழசு. அதன் மூன்று கண்ணிலும்
போன பண்டிகைகளின் வெண்ணெய் ஒளிந்திருக்குமென்று
ஊசியால் குத்திக் குத்தி எடுத்து
கொதிநீரில் போட்டு
பிறகு பயந்துபோய் அதையும் ஒதுக்கிவிட்டு
புதுசு வாங்கினேன்.
‘ஒரு டப்பா முறுக்கு
ஆயிரத்து நானூறு ரூபாய்,’ என்றார் வீட்டுக்காரர்.
தணிக்கை ஆபீஸ்காரர். கணக்கு தப்பாது.

வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய தேங்காயெண்ணெய்.
எள்ளும் வேண்டாம், எதற்கு வம்பு. சீரகம் போதும்.
அதிரசமும் சுட்டேன். யோசித்தால்
அதில் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.
பச்சரிசி, வெல்லம், ஏலம், சுக்கு.
நெய்யில் சுட்டால்தான் உசத்தி என்பது
நம்முடைய ஜம்பம்.

நாலாவது மாடிக்குப் படியேறிப் போனேன்.
என்னென்ன போட்டேன் என்று
மராத்தியில், பிழைகளோடு எழுதி
மூடியில் ஒட்டியிருந்தேன்.
ருஜுதா படித்தாள். மறுபடி படித்தாள்.
‘ஹிங்?’
‘போடலை.’
‘எண்ணெய்?’
‘புது பாக்கெட்,’ என்று
கைப்பையிலிருந்து காலி கவரை எடுத்துக் காட்டினேன்.
அப்போதுதான் கதவின் சங்கிலி விலகியது.

நகத்தளவு உடைத்து அவன் வாயில் வைத்தாள்.
கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிஷம்.
மேஜையில் ஊசி மருந்து, மூடி கழற்றாமல்.
டிவியில் சத்தமில்லாமல் கிரிக்கெட்.
கீழே யாரோ அணுகுண்டு வைக்க
நானும் அவளும் ஒன்றாய்த் துள்ளினோம்;
அவன் விக்கெட் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பதினோராவது நிமிஷத்தில்
‘அந்தச் செருப்பு உங்ககிட்டயா இருக்கு?’ என்றாள்.
‘இருக்கு. கழுவி வச்சிருக்கேன்.’
தலையை ஆட்டினாள்.

இருபது.
ஓஜஸ் முழு முறுக்கை எடுத்துக் கடித்தான்.
மென்றான். முகத்தைச் சுளித்தான்.
ருஜுதாவின் கை ஊசியைத் தொட்டுவிட்டது.

‘உப்பு கம்மி,’ என்றான்.