ஈரக்கழிவு

டானிங்டன் முக்கு, பேக்கரிக்கு மேல் மாடி.
நள்ளிரவு தாண்டி அரை மணி.
கீழே வர்க்கி அடுப்பு எரிவதால்
கோத்தகிரியில் எங்கள் தரை மட்டும் சூடு.
காலுறையைக் கழற்றிவிட்டு
எண்களில் இறங்குகிறேன்.

ஏரிக்கரை ஊர் அணி. பாலைவன ஊர் அணி.
இரண்டு ஊரையும் பார்த்ததில்லை.
பேஸ்பால் பந்தைத் தொட்டதுகூட இல்லை.
அதில் நூற்றெட்டுத் தையல் என்று தெரியும்,
பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற கணக்கு.

ஏரிக்கரையின் பிட்சர் இடக்கையன்.
ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டே முக்கால் ரன்தான் கொடுப்பான்,
அது ஜூன் வரைக்கும்.
கடைசி நான்கு ஆட்டங்களில் ஐந்துக்கு மேல்.
தோள்பட்டையா, தூக்கமா, வீட்டில் சண்டையா,
அட்டவணையில் அதற்கொரு கட்டம் இல்லை.
பாலைவனத்தார் இடக்கைப் பந்தை விளாசுவார்கள்,
சொந்த மைதானத்தில்.
வெளியூர் போனால்
ஸ்வெட்டர் இல்லாமல் ஊட்டிக்கு வந்தவர்கள் மாதிரி
கையைக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

என் கணக்கில் ஏரிக்கரைக்கு நூற்றுக்கு ஐம்பத்தாறு.

பந்தயக்காரர்கள் போட்டிருப்பது கழித்தல் நூற்று நாற்பது,
அதாவது நூறு சம்பாதிக்க நூற்று நாற்பது கட்ட வேண்டும்.
பிரித்துப் பார்த்தால் ஐம்பத்தெட்டே கால், கொஞ்சம் கூட.
எதிரணிக்கு நாற்பத்தைந்தரை.
கூட்டினால் நூற்று மூன்றே முக்கால்.
நூறுதானே உலகம்?
அந்த மூன்றே முக்கால் யாருடையது என்று
வேலைக்குச் சேர்ந்த வாரம் கேட்டேன்.
யாரும் சொல்லவில்லை.
தராசுக் கொட்டகையில் தெரிந்துகொண்டேன்.
இலை மூட்டையை அமுக்கிப் பார்த்து
ஏஜென்ட் சொல்லுவார்: "ஈரம். நூத்துக்கு நாலு."
வெயில் காய்ந்த மார்ச்சிலும் ஈரம்.

ஒரு மணிக்கு போஜன் அழைத்தான்,
எங்கள் ஹட்டியில் மூன்றாவது வீடு.
"ஏரிக்கரை ஜெயிக்குமா?"
"அதிகம் ஜெயிக்க வாய்ப்பு. ஆனா விலை சரியில்ல."
மீதியைக் கேட்க அவனுக்குப் பொறுமை இல்லை.
மேட்டுப்பாளையத்தில் எவனிடமோ நாலாயிரம் கட்டினான்.
கிலோ பதினெட்டு என்றால்
இருநூற்று இருபத்திரண்டு கிலோ பச்சை இலை,
அவன் மனைவி கெப்பியின் விரல் நுனியில் பத்து நாள் கறை.

ஆட்டம் நம் விடியற்காலையில்.
ஆறாவது இன்னிங்ஸ் வரை ஏரிக்கரை முன்னால்.
ஏழாவதில் இடக்கையனை மாற்றவில்லை.
ஏன் மாற்றவில்லை?
திரையில் புள்ளிகள்தான் நகர்கின்றன,
முகம் இல்லை.
நான்கு ரன்.

வீட்டுக்கு நடந்தேன்.
பாதை வளைவில் காட்டெருமை ஒன்று,
முதுகில் பனி ஆவியாகிக்கொண்டிருந்தது.
இருநூறு காலை இதே வளைவில் ஒன்றுமில்லை.
இருநூறு என்று அதற்கு யார் சொன்னது?
அது மேய்ந்து முடிக்கும் வரை நின்றேன்.

மாலை கொட்டகையில் போஜன்.
"அம்பத்தாறுன்னியே!"
"அம்பத்தாறு தப்பில்ல. நூறு தடவ ஆடினா..."
"நூறு தடவ ஆட யாருகிட்ட இல இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை.
நூறு தடவை ஆடினாலும் அந்த விலைக்கு
தடவைக்கு நூற்றறுபது நட்டம்,
சுமார் ஒன்பது கிலோ இலை,
ஈரத்துக்கு ஏஜென்ட் பிடிப்பதும் அதேதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் மூட்டை தராசில் ஏறிவிட்டது.
முள் ஆடி நின்றது.
"ஈரம் ஜாஸ்தி," என்றார் ஏஜென்ட், "ஆறு."
நாலாயிரத்துக்குக் கத்தியவன்
ஆறுக்குக் கத்தவில்லை.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
குரலைத் தாழ்த்தினான்:
"இன்னிக்கு ராத்திரி?"

அதே இரண்டு அணி, தொடரின் இரண்டாம் ஆட்டம்.
பிட்சர் வேறு.
தோற்ற கையோடு விலை இறங்கியிருக்கிறது,
கழித்தல் நூற்றுப் பதினெட்டு, ஐம்பத்து நான்கு சொச்சம்.
என் கணக்கில் ஐம்பத்தேழு.
ஒன்றரை வருடத்தில் இப்படி ஒரு விலையை
நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன்.

கெப்பி காலி மூட்டைகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"தெரியல," என்றேன்.