ஒன்பதாவது கேள்வி

எட்டுவரை சிரமமில்லை.
தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா,
கைவேலையில் மனசு நிற்கிறதா.
கல்லலுக்குத் தெற்கே செம்மண் தெருக்களில்
அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே
குழாயடியில் குடத்தை நகர்த்துகிறார்கள்.

ஒன்பதுக்கு வந்ததும்
என் பேனாவுக்குத்தான் தொண்டை அடைக்கும்.

காரைக்குடி அலுவலகத்தில் நான்கு நாள் உட்கார்ந்து
அந்த ஒரு வரியைத் தமிழாக்கினோம்.
"தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம்"
என்றது முதல் படி.
டாக்டர் உமையாள் கண்ணாடியைக் கழற்றி,
"இப்படி யாரும் நினைக்கிறதில்லை,
கோர்ட்டுலதான் எழுதுவாங்க" என்றார்.
பிறகு ஊர் ஊராய்ப் போய்
மக்கள் அதை எந்தச் சொல்லில்
முடிந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டோம்.

எங்கிட்டாச்சும் போயிரலாம்னு வருது.
விடியாமலே இருந்தாத் தேவலை.
ஆத்தங்குடியில் பூக்கல் வார்க்கும் மலைக்கண்ணு
கண்ணாடிமேல் பச்சைச் சாயத்தை ஊற்றியபடி
"சும்மா இருக்கு தாயி, எல்லாஞ் சும்மா இருக்கு"
என்றார்.
அந்தச் 'சும்மா'வைச் சிவப்பு மையில் எழுதினேன்.

கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதா
என்று மறித்தார் ஒரு பஞ்சாயத்துத் தலைவர்.
இத்தனை வருடம் யாரும் கேட்கவில்லையே,
வராமலா இருந்தது?
அதைச் சொல்லவில்லை.
"ஆராய்ச்சி அப்படிச் சொல்லலைங்க" என்று மட்டும் சொல்லி
அவர் நீட்டிய மோரை வாங்கிக்கொண்டேன்.

என் அண்ணன் சோலையப்பனுக்குக்
காவல் நிலையக் காகிதம் எழுதிய காரணம்:
தீராத வயிற்றுவலி.
அவன் வயிறு எங்களுக்குத் தெரியும்.
நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு
பழைய சோற்றில் ரெண்டு வட்டில் இறக்குவான்.
வேலையில் சேர்ந்தபின் பழைய கட்டுகளைப் புரட்டினேன்.
எத்தனை வயிற்றுவலி!
இத்தனை நோயாளி இருந்தும்
எங்கள் பக்கம் ஒரு வயிற்று டாக்டர்கூட
மாடி வீடு கட்டவில்லை.

படிவத்தில் நான்கு கட்டம்.
ஒருநாளும் இல்லை, சில நாள்,
பாதி நாளுக்கு மேல், அநேகமாகத் தினமும்.
பஞ்சவர்ணம் கட்டங்களைப் பார்க்கவில்லை.
சாக்கில் காயும் மல்லியைத் துழாவியபடி
"வெள்ளிக்கெழமை மட்டும்" என்றாள்.

வெள்ளி, குழுக்கடன் வசூல்.
பத்துப் பெண்கள் வட்டமாய் உட்காரவேண்டும்.
ஒருத்தி பணம் குறைந்தால்
ஒருவரும் எழுந்து போகக்கூடாது,
பள்ளிக்கூடம் விட்டாலும்.
"ஒம்பது பேரும் என் மொகத்தையே பாப்பாக.
அப்பத்தான்."

அப்பத்தானுக்குப் பிறகு அவள் பேசவில்லை.
பயிற்சியில் சொல்லித்தந்ததில்
எனக்கு உருப்படியாக வருவது ஒன்று,
வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பது.
மல்லியை ஒருமுறை முழுசாகப் புரட்டிப் போட்டோம்,
இரண்டு பேருமாய்.

'சில நாளில்' குறியிட்டு
ஓரத்தில் 'வெள்ளி' என்று எழுதினேன்.
கணினி ஓரத்தை வாங்காது.
உமையாள் விடவில்லை,
ஓரங்களை மட்டும் தனியாகத் தட்டச்சு செய்யச் சொன்னார்.
இரவு பதினோரு மணிக்கு எண்ணி முடித்தோம்.
எழுபத்திரண்டு வெள்ளி.
பள்ளத்தூர்ப் பக்கம் மட்டும் செவ்வாய்.
அங்கே வசூல் செவ்வாய்.

கடன் கம்பெனி மேலாளர்
தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.
அதில் ஒன்றும் இல்லை.
"மேலிடத்துக்கு அனுப்புறேன்" என்றார்.
அனுப்பினாரோ என்னவோ.
உமையாள் மறுபடி போயிருக்கிறார்,
இந்தமுறை கலெக்டர் ஆபீசுக்கு.

அதுவரை எங்களிடம் ஒரு போன் இருக்கிறது.
வெள்ளி காலை எட்டரைக்கு அழைப்பேன்.
போன வாரம் எடுத்தவள்
"இரு, ஒலையை எறக்கிட்டு வாரேன்" என்று
போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள்.
ஆறு நிமிடம்.
கஞ்சி வடியும் சத்தம்,
ஒரு கோழி,
சட்டைப் பித்தானைத் தொலைத்த பையனை
யாரோ அதட்டும் குரல். அவளுடையதுதான்.
வைக்காமல்
கேட்டுக்கொண்டே இருந்தேன்.