பக்கம் 4417 பிரியுமுன்

இரவு 1.52. பிளக்கை இழுக்கப் போகிறேன்
என்று பென்சிலால் எழுதினேன்.
பிறகுதான் இழுத்தேன்.

கரடிப்போக்குச் சந்தியிலிருந்து மூன்றாவது கட்டடம், மேல்மாடி.
கீழே உரக்கடை. யூரியா வாசம் படியேறி வரும்.
கஜரூபன் எண்ணுகிறான்: முப்பத்தேழாவது சாவு.
சேர்வர் நின்றால் அவன் அப்படித்தான் சொல்வான்.
நான் ‘நிறுத்தம்’ என்று எழுதிக்கொள்கிறேன்.

காணி அனுமதிப்பத்திரங்கள் ஒரு மரத்தில் இருக்கின்றன.
வெளியே நிற்கும் பாலை மாதிரியல்ல,
இதற்கு வேர் மேலே, இலை கீழே,
இலைக்குள் இலக்கங்கள், சிறியதிலிருந்து பெரியதுக்கு,
நெருக்கியடித்து.
ஓர் இலை எண்பத்திரண்டு பேரைக் கொள்ளும்.
எண்பத்து மூன்றாவதாக ஒருத்தி வந்தால்
இலை இரண்டாகும்.
பாதிப் பேர் எழும்பிப் புது இலைக்குப் போவார்கள்.
கிளைக்கு அதைச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்குள் கரண்ட் போனால்?

அதைத்தான் இரவிரவாகச் செய்து பார்க்கிறோம்.
முறிகண்டிப் பக்கம் யானை தூணில் முதுகு சொறிந்தாலும் போகும்,
கார்த்திகை மழைக்கும் போகும்,
காரணமே இல்லாமல் ஞாயிறு பின்னேரமும் போகும்.
போகட்டும். விதி ஒன்றுதான்:
நினைவில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்,
ஆனால் இலை வட்டில் இறங்குமுன்
அதைப் பற்றிய வரி குறிப்பேட்டில் இறங்கியிருக்க வேண்டும்.

கரண்ட் வந்தது.
குறிப்பேடு தன்னைத்தானே வாசிக்கத் தொடங்கியது
கடைசிச் செக்பொயின்ற்றிலிருந்து.
அந்தச் சொல்லுக்கு வேறு தமிழ் தேடியிருக்கிறேன்.
ஓமந்தையில் பையைக் கொட்டிக் காட்டிய பிள்ளை நான்.
கிடைத்ததெல்லாம் அதைவிட மோசம்.

4417 பிரிந்திருந்தது.
9030 பிறந்திருந்தது.
கிளைக்குத் தெரியாது. தாய் அறியாத பிள்ளை.
ஆனால் 4417
தன் வலக்கைப் பக்கம் யார் என்று எழுதி வைத்திருந்தது.
மேலிருந்து தேடி வந்த கேள்வி
அங்கே ஆளைக் காணாமல்
பக்கத்து வீட்டில் விசாரித்து
நாற்பத்தொரு பேரையும் கண்டுபிடித்தது.
கஜரூபன் மேசையில் தாளம் போட்டான்.
நான் இரண்டு தரம் எண்ணினேன்.

பிறகுதான் கடினமானது.
எண்பத்து மூன்றாவதாக வந்தவள்,
சோதனைக்காக நான் புனைந்த பெயர், திலகேஸ்வரி,
இடையில் மனுவை மீளப் பெறுகிறாள்.
அவளை அழித்தோம்.
அவளுக்காகப் பிரிந்த இலையை என்ன செய்வது?

ஒட்டிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.
மூன்று நாள் சண்டை.
சரி, ஒட்டிப் பாருங்கோ என்றான்.
ஒட்டினேன். பத்தொன்பதாவது சாவில்
ஒருவரைக் காணவில்லை.
திலகேஸ்வரி வந்துபோன இடைவெளியில்
9030 இல் குடிவந்த யாரோ,
இலக்கம் 60240,
எந்தப் பிரச்சினையிலும் சம்பந்தப்படாதவர்.

அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை.
வந்தவள் போகலாம்,
அவள் பொருட்டு வந்த பிரிவு நிற்கும்
என்று நிரலை மாற்றி எழுதினேன்.
அழித்ததையும் குறிப்பேட்டில் எழுது என்று சேர்த்தேன்,
அழிக்கும்போதே கரண்ட் போனால்
அழித்தவளை இன்னொரு தரம் அழிக்காதிருக்க.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
60240 இருக்கிறார். இருக்கிறார்.

2.41. வீட்டுக்குப் போகப் போகிறேன், அக்கராயன் றோட்டால்
என்று எழுதினேன்.
யானைக்கோ எழுதுறியள் என்று சிரித்தான்.
இல்லை, எதுவரைக்கும் வந்தேன் என்று
ஆருக்காவது தெரியவேணுமே.

பென்சிலை வைத்தேன்.
பிறகு ஹெல்மெற்றை எடுத்தேன்.