நான்கு எழுத்துக்கு இடம்

எல்ஸ்மியர் வீதியில், வரிக்கணக்குக்காரருக்கும்
கோழிப் பொரியல் கடைக்கும் நடுவில் என் அச்சகம்.
கலியாண அட்டை, சாமத்திய வீட்டு அட்டை.
அதிகம் வருவது கல்வெட்டு.
முப்பத்தோராம் நாளுக்கு முதல் வியாழன்
யாரோ ஒரு மகன், சப்பாத்தில் தெருவுப்பு வெளிறிக் கிடக்க
ஒரு படமும் ஒரு பட்டியலும் கொண்டு வருவான்.

பக்கங்கள் நாலால் பிரிபட வேண்டும், என் சமயம் அவ்வளவுதான்.
நடுப்பக்கம் வம்சாவளி.
கம்பி ஊசி இரண்டும் அங்கேதான் விழும்.
எவருடைய பெயரிலும் குத்தாமல்
கட்டங்களைத் தள்ளித் தள்ளி வைப்பேன்.

வாகீசன் தந்த பட்டியலில்
தகப்பன் குணநாயகம் மூத்தவர், நாற்பத்து நாலு.
பிறகு நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பது.
பிறகு ஐம்பத்தாறு: மொன்றியல் பவளராணி.
இரண்டு வருசத்துக்கு ஒன்றென்று
தாளம் தப்பாமல் பெற்றவள்
இந்த ஆறு வருசம் என்ன செய்தாள்?
கேட்டேன். தொழில் பழக்கம்.

அவன் கதவைப் பார்த்தான்.
தோளில் தொளதொளத்த தகப்பனின் ஜாக்கெட்,
அதன் உள்பையிலிருந்து
உண்டியல்காரரின் துண்டுகளை எடுத்துப் பரப்பினான்.
மாதம் நூற்றைம்பது டொலர். பூபதி, மாத்தளை.
"வீட்டிலை இன்னும் கிடக்கு அக்கா, பதினெட்டு வருசத்துத் துண்டு.
அம்மாவுக்குத் தெரியாது.
இப்பிடி ஒருத்தி இருந்தவள் எண்டால்
'அன்புக் கணவர்' எண்டு எப்பிடிப் போடுறது?"

நான் அந்தச் சொல்லை அழிக்கவில்லை.
மஞ்சள் பூசி வைத்தேன்.

இரவு பதினொரு மணிக்குப் பவளராணி எடுத்தா,
பேரனின் பெயரில் ஒரு 'ஷ்' விடுபட்டதென்று.
பூபதி யார் அம்மா என்றேன்.
வெளியே பனி வழிக்கும் வண்டி
வீதி நீளத்துக்கும் உரசிக்கொண்டு போய் முடிந்தது.

"இரத்தினபூபதி. எனக்கு நேர் மூத்தவள்.
பத்தொன்பது வயசிலை
தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரோடை போனவள்.
ஐயா கிணத்தடியிலை நிண்டு முழுகினவர்,
செத்த வீட்டுக்கு முழுகிற மாதிரி.
இடக்கைக்காரி.
என்ரை பல்லு விழுந்தண்டு கூரைக்கு எறிஞ்சவள்;
எறிய எறிய அது உருண்டு வந்து
அவளின்ரை தலையிலையே விழுந்தது.
ஐயோ பிள்ளை, சிரிச்ச சிரிப்பு..."
சிரித்தா. சிரிப்பு எந்த இடத்தில் மாறியதென்று
என்னால் பிடிக்க முடியவில்லை.
"அண்ணை அனுப்பினவரோ?
எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.
நானும் அவருக்குச் சொல்லேல்லை,
வருசத்துக்கு ஒருக்கா நானும்தான்."

மறுநாள் பின்னேரம்
வாகீசன் காகிதப் பெட்டியொன்றின்மேல் இருந்துவிட்டான்.
"மாமி," என்றான். "எனக்கொரு மாமி."
சனிக்கிழமைகளில் மீன் வாங்கப் போறன் என்று
அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்ததையும்,
நல்ல மீன் இல்லை என்றதையும்,
அம்மா அதை ஒருநாளும் நம்பாததையும் சொன்னான்.

ஐம்பதுக்கும் ஐம்பத்தாறுக்கும் இடையில்
ஒரு கட்டம் போட்டேன்.
ஐந்து பேரில் நடுவிலிருந்தவரை
ஊசிக்குத் தப்பவைக்க நேற்று முழுக்க மல்லுக்கட்டினேன்.
ஆறானதும் மடிப்பு
ஆளில்லாத இடத்தில் போய் விழுந்தது.
மஞ்சளையும் எடுத்துவிட்டேன்.

பிறகுதான் கேட்க வேண்டியிருந்தது:
"பெயருக்கு முன்னாலை 'அமரர்' போடவோ?"

அவனுக்குத் தெரியாது. பவளராணிக்கும் தெரியாது.
கடைசித் துண்டு ஒக்டோபர்.
அனுப்பியதற்குத்தான் துண்டு தருவார்கள்,
வாங்கினாளா என்பதற்கு அல்ல.
அதன் முதுகில் பென்சிலால் ஒரு இலக்கம்,
ஏழோ ஒன்றோ தெரியாத ஒரு எண்ணுடன்.

ஏழு என்று வைத்து அழுத்தினான்.
இங்கே ஒன்பது மணி, மாத்தளையில் விடிந்திருக்கும்.
ஒலிபெருக்கியில் மணி போகிறது.
கட்டத்தில் 'இரத்தினபூபதி' என்று அடித்து
முன்னால் நான்கு எழுத்துக்கு இடம் விட்டு
கையை எடுத்துக்கொண்டேன்.
மணி போகிறது.