கம்பி நீட்டிய வீடு

காலையில் மேசைக்கு வந்தது மோக்காவின் கண்ணாடிக் கோபுரம்.
ஒன்பது மாடி, நாற்பத்தோரு வரைபடம்,
வடிவமைத்தவர் பிரெஞ்சில் எழுதிய ஒரு பத்தி:
"இத்தீவின் ஆன்மாவோடு உரையாடும் முகப்பு."
ஆன்மாவின் கனம் அடுத்த தாளில் இருந்தது,
இருபது மில்லிமீட்டர்.
கருங்கல்லைப் பிஸ்கட் போல அறுத்து
கான்கிரீட்டின் மேல் ஒட்டுவார்கள்.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும்.
கரும்புக்காட்டு நடுவே குவிந்து கிடந்தது.
நடுவதற்கு முன்னால் பொறுக்கியாக வேண்டும்,
பொறுக்கிய விரல்களை யாரும் எண்ணவில்லை.
இப்போது சதுர மீட்டர் விலை
நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

மேற்கு வெயிலுக்கு ஏன் முழுக் கண்ணாடி என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
குளிர்சாதனக் கணக்கு சரியாக இருந்தது.
முத்திரை குத்தினேன்.

மத்தியானம் சென்பியேர்.
மனுதாரர் செல்வினா அர்னாசலோன்.
(அருணாசலம் என்று முழுசாய் எழுத
துறைமுக எழுத்தருக்கு அன்று பொறுமை இல்லை.
இங்கே பெயர்களும் பாதியில் நின்ற கட்டடம்தான்.)

மொட்டை மாடியில் எட்டுத் தூண்,
தூணுக்கு நாலு கம்பி,
முனைகளில் கவிழ்த்த சோடா பாட்டில்கள்,
கண்ணைக் குத்தாதிருக்க.
தகரக் கூரைகளை ஒரே ராத்திரியில்
புயல் கரும்புக்குள் எறிந்த பிறகு
கான்கிரீட்டைக் கும்பிடக் கற்றது இந்தத் தீவு.
கீழே அப்பா. மேலே மகன்.
அதற்கும் மேலே, இன்னும் பிறக்காதவன்.

"இது தம்பிக்காக விட்டது," என்றாள் கிரியோலில்.
"அவன் பெர்த்துக்குப் போனவன், வரவில்லை."
தமிழில் அதற்குக் கம்பி நீட்டினான் என்று பேர் என்றேன்.
விளக்க வேண்டியிருந்தது.
பிறகு, தாமதமாக, சத்தமாகச் சிரித்தாள்,
ஒரு பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

இருபத்திரண்டு வருசத் துரு.
சுத்தியலால் தட்டினேன். செதில் உதிர்ந்து
உள்ளே இன்னும் இரும்பு இருந்தது.
தூண்தலையைக் கொத்தி எடுக்கவும்,
பழைய கம்பியும் புதுக் கம்பியும்
அறுபது சென்டிமீட்டர் உடலோடு உடல் நிற்கட்டும்,
யாருக்காக விட்டது என்பது கம்பிக்குத் தெரியாது.
கடைசி வரியை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை.

'டால்' போட்ட ஞாயிறு எனக்கும் அழைப்பு.
தளத்துக்கு இங்கே அதுதான் சொல்.
கலவை லாரி சந்துக்குள் நுழையவில்லை.
கண்ணாடிக் கோபுரத்தில் ஆறு நாள் நின்ற
ஷஃபிகுலும் கூட்டாளிகள் நாலு பேரும்
ஏழாம் நாளும் வாளி சுமந்தார்கள்.
பெருமாளுக்கு நேர்ந்த விரதம் என்று ஒரு பந்தி,
பிரியாணிக்கு ஒரு பந்தி,
பக்கத்து வீட்டு மரி-அன்ஜ் இரண்டிலும் உட்கார்ந்தாள்.
சிட்டகாங்கில் தான் கட்டும் வீட்டை
ஷஃபிகுல் கைப்பேசியில் காட்டினான்:
செங்கல், தென்னை,
உச்சியில்
கம்பிகள்.

மூன்று வாரம் கழித்து இறுதிப் பார்வைக்குப் போனேன்.
புதுத் தளத்தின் மேல் மறுபடி எட்டுத் தூண்தலை,
ஒரு மீட்டர் இரும்பு வானத்தில்.
செல்வினாவுக்குப் பிள்ளைகள் இல்லை.
வரைபடத்திலும் அது இல்லை.
"யார் விடச் சொன்னது?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.
"யாரும் இல்லை, மெஸ்யே. வெட்டப் போனால்
கை கூசுது."

என் படிவத்தின் கடைசிக் கட்டம்:
வேலை முடிந்த தேதி.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
அவள் அதற்குள் இரண்டு கம்பிக்கு நடுவே கயிறு கட்டி
நனைந்த போர்வை ஒன்றை வீசிப் போட்டாள்.
காற்று அதைச் சுவராக்கியது,
விட்டது,
மறுபடி ஆக்கியது.